சக்கர நாற்காலியில் இருக்கும் என் மகள் ஆர்க்கிடெக்ட் ஆக முடியுமா?

டெல்டா பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கட்டடத் தொழிலாளி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்தாறு வருடம் கொத்தனார் வேலை. இப்போது சின்ன வீடுகளை மேஸ்திரியாக எடுத்துச் செய்கிறார். ஒரே மகள். கடிதம் முழுக்கப் 'பாப்பா' என்றே எழுதியிருக்கிறார். பிறக்கும்போதே மூளை முடக்குவாதம், சான்றிதழில் 60 சதவீதம். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடப்பாள், வெளியே போனால் சக்கர நாற்காலி. இடது கை இறுக்கமாக இருக்கும், வலது கையால் நன்றாக வரைவாள், ஆனால் மெதுவாக. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ்வழி, இப்போது பிளஸ் டூ. ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

அப்பாவுக்கு நான்கு கவலை. சாரம் ஏற முடியாதவள் சைட் வேலையை எப்படிப் பார்ப்பாள்? விசாரிக்கப் போன ஒரு கல்லூரியில், இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க மாட்டோம், உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அது சரியா? தெரிந்த ஒரு இன்ஜினியர், இன்டீரியர் டிசைன் டிப்ளமோ போதும், அதுவும் ஆர்க்கிடெக்ட் மாதிரிதான் என்கிறார், அதைச் செய்யலாமா? பணத்துக்குக் கையில் இருக்கும் ஒரே மனையை விற்றுவிடலாமா?

கடிதத்தோடு ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. பாப்பா எழுதியது. 'அப்பா கட்டின வீடு எல்லாத்துலயும் வாசல்ல மூணு படி இருக்கு மேடம். எங்க வீட்டுலயும்தான்.' அவ்வளவுதான்.

வணக்கம் மேஸ்திரி. சைட்டில் சந்தித்திருந்தால் உங்களை இப்படித்தான் கூப்பிட்டிருப்பேன், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டடம் வரைகிறேன், அதில் பாதிக் காலம் ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் பாடமும் எடுத்திருக்கிறேன். பாப்பாவின் அந்தத் துண்டுக் காகிதத்தை என் மேஜை மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். ஐந்து வருடம் படித்து வெளியே வரும் பல பிள்ளைகளுக்குக் கண்ணில் படாத விஷயம் அவளுக்கு இப்போதே பட்டிருக்கிறது.

முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் அதற்காக உங்களைக் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதில் உண்மையான சிரமங்கள் இருக்கின்றன. நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கின்றன.

சாரம் ஏறுவது யார் வேலை

நீங்கள் வேலை செய்த சைட்டுகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆர்க்கிடெக்ட் வந்து என்ன செய்வார்? வரைபடத்தை விரித்து வைத்து உங்களோடு பேசுவார், அளவைச் சரிபார்ப்பார், ஜன்னல் மட்டம் மாறியிருந்தால் கேட்பார், அப்புறம் போய்விடுவார். தூக்குக்குண்டு போட்டுப் பார்ப்பது நீங்கள்தான், ரசமட்டம் வைப்பதும் நீங்கள்தான். மேல் தளத்துக்குப் போக வேண்டிய நாட்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் கூடப் பணிபுரிகிறவர் மேலே போய் வீடியோவில் காட்டலாம். இன்று நடக்க முடிகிற ஆர்க்கிடெக்ட்டுகளே தூரத்துச் சைட்டை அப்படித்தான் பார்க்கிறார்கள். இந்தத் தொழிலின் பெரும்பகுதி அலுவலகத்தில் நடக்கிறது. கட்டடத்தை யோசிப்பது, வரைவது, கம்ப்யூட்டரில் மாதிரி செய்வது, பொருள் தேர்ந்தெடுப்பது, மதிப்பீடு போடுவது, அனுமதிக்கு விண்ணப்பம் தயாரிப்பது என்று அதுவே ஒரு கடல்.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், பாப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். ரொனால்ட் மேஸ் என்று ஒரு அமெரிக்கர். ஒன்பது வயதில் போலியோ, அதன்பிறகு சக்கர நாற்காலி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் சேர்ந்தபோது கழிப்பறைக் கதவுக்குள் அவருடைய நாற்காலி நுழையாது, மாடிப்படியில் அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்க வேண்டும். 1966-இல் பட்டம் வாங்கினார். பிறகு அதே மாநிலத்தில் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி கட்டுவதற்கான விதிகளை எழுதுவதில் முன்னால் நின்றார். இன்று எங்கள் பாடத்திட்டத்தில் 'யுனிவர்சல் டிசைன்' என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். குழந்தை, கர்ப்பிணி, மூட்டுவலிக்காரப் பாட்டி, சக்கர நாற்காலிக்காரர் என்று எல்லோருக்கும் ஒரே வாசல் உதவ வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இன்னொருவர் மைக்கேல் கிரேவ்ஸ். உலகப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட். 2003-இல் ஒரு தொற்றால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மருத்துவமனையில் கண்ணாடியும் குழாயும் எட்டாமல் தானாகச் சவரம் செய்துகொள்ளக்கூட முடியவில்லை. அதன்பிறகு 2015-இல் இறக்கும்வரை பன்னிரண்டு வருடம் வேலை செய்தார், மருத்துவமனை அறைக்கான மேஜை நாற்காலிகளையும் மறுபடி வடிவமைத்தார். அவருக்கு வந்த வசதி நம் வீட்டுப் பிள்ளைக்கு வராது என்று நீங்கள் நினைக்கலாம், நியாயம்தான். நான் சொல்ல வந்தது, இந்த வேலைக்குக் கால் தேவையா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது என்பதைத்தான்.

அந்தக் கல்லூரி சொன்னது தவறு

இதில் மென்மையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், கட்டடத்தையும் வளாகத்தையும் அவர்களும் புழங்கும்படி வைத்திருக்க வேண்டும், தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்புச் சேர்க்கை வழக்கு ஒன்றில், குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு மாணவரைத் தள்ளிவிட முடியாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்பதை ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டாக்டருக்கே அப்படி என்றால் ஆர்க்கிடெக்ட்டுக்கு என்ன தடை?

மறுபடி யாராவது வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள், பேச்சும் மாறும். கொடுத்தால் அதை வைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம், அதற்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, முதல் நாளே வேண்டாம் என்று சொன்ன இடத்தில் சண்டை போட்டுச் சேர்த்து, ஐந்து வருடம் அவளை அங்கே விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. புகார் கொடுப்பது வேறு, அங்கேயே சேர்ப்பது வேறு. புகார் கொடுங்கள், பிள்ளையை நல்ல இடத்தில் சேருங்கள்.

இட ஒதுக்கீடு எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும் என்று கொஞ்சம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடம் என்பது உண்மை, ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்குவது அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு உதவி பெறுபவற்றுக்கும்தான். தனியார் கல்லூரி நிர்வாக இடத்துக்குப் போய் இதைக் கேட்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கலந்தாய்வு வழியாகவே போங்கள். பாப்பாவுக்கு யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் அதைப் பாருங்கள். எல்லா விண்ணப்பத்திலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

இன்டீரியர் டிசைன் டிப்ளமோ பற்றி

இன்டீரியர் டிசைன் நல்ல தொழில், அதை விரும்பிப் படிக்கிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆர்க்கிடெக்ட் என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகரித்த ஐந்து வருடப் பி.ஆர்க் படித்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். 2020-இல் உச்ச நீதிமன்றம், பதிவு இல்லாதவர்கள் வடிவமைப்பு வேலையைச் செய்வதற்கு இந்தச் சட்டம் தடை போடவில்லை, பெயரைத்தான் பயன்படுத்த முடியாது என்று விளக்கியது. வேலை வேறு, பட்டப்பெயர் வேறு. அவள் ஆசைப்படுவது அந்தப் பெயர் என்றால் டிப்ளமோ அவளை அங்கே கொண்டுபோகாது. கணிதத்தோடு மூன்று வருடப் பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.ஆர்க் சேரலாம்தான், ஆனால் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். மொத்தம் எட்டு வருடம் ஆகிவிடும். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு?

அந்த இன்ஜினியர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் இதுபோன்ற பிள்ளைகளிடம் நாம் எல்லோரும் செய்யும் காரியம் இது. அவர்கள் எதைக் கேட்டாலும் அதில் ஒரு படி குறைத்து, இது போதுமே என்று நீட்டுகிறோம்.

நுழைவுத் தேர்வும் மெதுவான கையும்

நாட்டா (NATA) என்கிற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளின் முறைப்படி மொத்தம் 200 மதிப்பெண், அதில் 80 வரைவதற்கும் கையால் ஒரு சின்ன மாடல் செய்வதற்கும், 120 கம்ப்யூட்டரில் பதில் சொல்லும் கேள்விகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் நாட்டா மதிப்பெண்ணுக்கும் சம எடை. ஆகவே வரைவதில் மட்டும் கண்ணாக இருந்து பொதுத் தேர்வை விட்டுவிடக் கூடாது. கடிதத்தில், நன்றாக வரைகிறாள், அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அழகாகப் படம் வரைவது ஒரு கருவி. இந்தப் படிப்பு கேட்பது இடத்தைப் பற்றிய யோசனையை. ஒரு அறைக்குள் வெயில் எப்போது வரும், ஆறு பேர் எப்படி உட்காருவார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்க வேண்டும். இதை அவள் உங்களிடமே கற்கலாம், நீங்கள் கட்டும் வீட்டின் பிளானை ராத்திரி அவள் முன்னால் விரித்து வைத்தால் போதும்.

மெதுவான கைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலும் அதேபோல மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடு நேரம் என்கிறது, மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் கேட்டால், சொல்லச் சொல்லப் பதிலை எழுதித் தரும் எழுத்தரும் உண்டு. பாப்பாவுக்கு எழுத்தர் வேண்டாம் என்பது என் எண்ணம், வரைவதை அவளுக்காக இன்னொருவர் செய்யவும் முடியாது. நேரத்தைக் கேளுங்கள். முக்கியம், விண்ணப்பம் போடும்போதே அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். தேர்வு நாளில் போய்க் கேட்டு ஏமாந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாடல் செய்யும் பகுதிக்கு இடது கை பிடிக்காதே என்று பயந்தால், காகிதத்தை அசையாமல் பிடிக்க ஒரு எடையோ பலகையோ வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

திருச்சி என்ஐடி உங்களுக்குப் பக்கம். அங்கே நாட்டா செல்லாது, ஜேஇஇ மெயின் தேர்வின் இரண்டாம் தாளை எழுத வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

உண்மையான சிரமம் எங்கே இருக்கிறது

இப்போது நான் பயப்படுவதைச் சொல்கிறேன். முதலாவது, கல்லூரிக் கட்டடம். கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கும் கல்லூரியிலேயே மாணவர்கள் வரையும் ஸ்டூடியோ இரண்டாவது மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது, அல்லது ஆசிரியர்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். நான் பாடம் எடுத்த ஒரு கல்லூரியில் இப்படித்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு மாணவியை நண்பர்கள் தினமும் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் அதைப் பெருமையாகப் பேசினோம், நானும் பேசினேன். ஒருநாள் அவள் என்னிடம், தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்கு மறுபடி இறக்கச் சொல்ல வேண்டும் என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் வகுப்பைக் கீழ்த் தளத்துக்கு மாற்ற ஒரு கடிதமும் ஒரு வார வேலையும்தான் தேவைப்பட்டன. அதை முதல் வருடமே செய்திருக்கலாம்.

அதனால் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் நீங்களும் பாப்பாவும் நேரில் போய்ப் பாருங்கள். டேப்பைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைவிடச் சரியாக அளக்கிறவர் யார்? கதவின் உள் அகலம் 900 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடி இருக்கிறதா? ராம்ப் ஒரு அடி உயர 12 அடி நீளம் இருக்கிறதா, அல்லது பெயருக்குச் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருக்கிறார்களா? கழிப்பறைக்குள் நாற்காலியை முழுதாகத் திருப்ப ஐந்து அடி வட்டம் கிடைக்குமா? ஸ்டூடியோ, நூலகம், மாடல் செய்யும் கூடம், விடுதி நான்கையும் பாருங்கள். கல்லூரியின் தரவரிசையைவிட இந்த அளவுகள்தான் அவள் படிப்பை முடிப்பாளா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது, இங்கிலீஷ். இந்தப் படிப்பில் ஜூரி என்று ஒன்று உண்டு. தான் வரைந்ததைச் சுவரில் மாட்டி, நாலு பேர் முன்னால் நின்று விளக்க வேண்டும். தமிழ்வழியில் வந்த பிள்ளைகள் நல்ல வேலையைச் செய்துவிட்டு அங்கே வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் சொல்லட்டுமா என்று கேட்கும் தைரியம் அவளுக்கு வேண்டும், பெரும்பாலான ஆசிரியர்கள் சரி என்பார்கள். இப்போதிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு, நீங்கள் சைட்டில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் சொல்லை எழுதி வரட்டும்.

மூன்றாவது, இதை நான் சொல்லாமல் விட்டால் தப்பு. படித்து முடித்ததும் கிடைக்கும் சம்பளம் குறைவு. அதே வயதில் மென்பொருள் வேலைக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் மனம் சோர்ந்துபோகும். கையில் ஒரு ஐந்து வருட அனுபவம் வந்த பிறகுதான் நிலைமை மாறும். ராத்திரி கண் விழித்து வேலை செய்யும் கெட்ட பழக்கமும் எங்கள் கல்லூரிகளில் உண்டு, பாப்பாவின் உடம்புக்கு அது ஆகாது. கெடுவைத் தள்ளிக்கொடுக்கச் சொல்லி முதல் செமஸ்டரிலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கிறாள் என்பதற்காகவே ராம்ப்பும் கழிப்பறையும் மட்டும் வரையச் சொல்லி ஒரு மூலையில் உட்காரவைத்துவிடும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவளுக்கு அதில் விருப்பம் இருந்தால் நல்லது, அந்த அறிவுக்கு இன்று தேவையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, நிறுவனங்களின் கட்டட வரைபடம் அணுகல் விதிகளுக்கு உட்படவில்லை என்றால் அனுமதியே கொடுக்கக் கூடாது. ஆனால் அவளுக்குக் கோயில் குளத்தைச் சீரமைக்க ஆசை இருந்தால் அதைச் செய்யட்டும்.

மனையை விற்காதீர்கள்

விற்காதீர்கள். முதலில் கிடைக்க வேண்டியதை எல்லாம் வாங்குங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத முன்னுரிமை இருக்கிறது, அதில் இடம் கிடைத்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த வருடப் பி.ஆர்க் சேர்க்கைக் கையேட்டில் அதற்கான பகுதியைப் பள்ளித் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்றால் தாலுகா அலுவலகத்தில் அந்தச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், உங்கள் நல வாரிய அட்டை. மூன்று வருடமாகப் புதுப்பிக்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மேஸ்திரி, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு உள்ளவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அது உங்கள் உழைப்புக்குச் சேர வேண்டிய பணம். உடனே போய்ப் புதுப்பியுங்கள், கூட வேலை செய்யும் சித்தாள்களிடமும் சொல்லுங்கள்.

கட்டணம் போக லேப்டாப் வாங்க வேண்டியிருக்கும், அது அரை லட்சத்தைத் தாண்டலாம். மாடல் அட்டை, பெரிய தாளில் பிரிண்ட், கல்விச் சுற்றுலா என்று மாதா மாதம் கை கடிக்கும். மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள், ஆட்டோகேட் போன்றவை மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. இதற்கெல்லாம் பணம் போதாமல் போனால் வங்கிக் கல்விக் கடன் யோசிக்கலாம், அதற்கும் பிறகுதான் மனை.

ஒருவேளை இந்த வருடம் பி.ஆர்க் இடம் கிடைக்காமல் போனால், பி.பிளான் என்ற நகரத் திட்டமிடல் படிப்பையும் பார்த்து வையுங்கள். தெருவும் பேருந்து நிறுத்தமும் பூங்காவும் யாருக்காகப் போடப்படுகின்றன என்று யோசிக்கும் படிப்பு அது. ஆனால் அவள் மனதோடு கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாகப் பாப்பாவுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டு வாசல் மூன்று படி, படிக்கு ஆறு அங்குலம் என்றால் மொத்தம் 18 அங்குலம். ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் 18 அடி நீள ராம்ப் வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் அது திரும்ப வேண்டும், திருப்பத்தில் ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் வேண்டும், அகலம் நாலு அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. திண்ணையை இடிக்காமல் அது எந்தப் பக்கம் திரும்பும், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று அவளே அளந்து வரையட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். வரைந்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், திருத்தம் இருந்தால் சொல்கிறேன். அதன்பிறகு நீங்கள் கட்டுங்கள்.